உலகைச் சுற்றியவர், ஊரை இழந்தவர்

2009-ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பின்னர் முள்ளிவாய்க்காற் பக்கம் சென்றவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். மணற் பரப்பிலே துவிச்சக்கர வண்டிகள் குவியல் குவியலாய்க் கிடந்தன. உப்புக் காற்றுப் பட்டுத் துருவேறி, ரயர் உக்கி, கம்பிகள் வளைந்து, ஒன்றின் கைபிடி இன்னொன்றின் சில்லிலே சிக்கி, பிரித்தெடுக்க முடியாதபடி பின்னிப் பிணைந்து கிடந்தன. பல மாதங்கள், சில இடங்களிற் பல ஆண்டுகள், அவை அவ்வாறே கிடந்தன.

அவ்வண்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் உடையவர் இருந்தார். பரந்தனில் வீட்டைப் பூட்டிப் புறப்பட்டபோது அரிசி மூட்டையையும் பாயையும் அதிலேதான் கட்டினார். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று ஒவ்வோர் ஊராகப் பின்வாங்கியபோதும் அதை உருட்டிக்கொண்டே வந்தார். நடக்க மாட்டாத தாயை அதன் பின்னிருக்கையில் இருத்தினார். சுதந்திரபுரம் என்று ஓர் ஊர் அவ்வழியில் உண்டு. அப்பெயரை இட்டவர்கள் எத்தனை ஆசையோடு இட்டனரோ! 2009 சனவரியில், பாதுகாப்பு வலயம் என்று சொல்லப்பட்ட அவ்வூரிலும் எறிகணைகள் வீழ்ந்தன. அதையும் கடந்து அவ்வண்டி உருண்டது. இறுதியில் வட்டுவாகலை நோக்கி வெறுங்கையோடு மக்கள் நடந்தபோது, அதுவரை உடன்வந்த அவ்வண்டி மணலிலே கைவிடப்பட்டது.

வன்னியிலே துவிச்சக்கர வண்டி ஏழைக்கும் செல்வருக்கும் பொதுவான ஊர்தியாய் இருந்த காலம் ஒன்றுண்டு. 1990-க்குப் பின்னர் எரிபொருள் தடைப்பட்டது. பேருந்துகள் அருகின. அக்காலத்திலே ஆசிரியர் பாடசாலைக்குப் போனதும், நோயாளி வைத்தியசாலைக்குப் போனதும், விறகும் மீனும் நெல்லும் சந்தைக்குப் போனதும் சயிக்கிளிலேதான். மின்சாரமில்லாத இரவுகளில் வண்டியை நிறுத்தித் தாங்கியில் ஏற்றி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்டோர் வடபகுதியெங்கும் இருந்தனர். 1995 ஒக்ரோபர் 30-ஆம் நாள் இரவில் வலிகாமத்தை விட்டு இலட்சக்கணக்கானோர் வெளியேறியபோதும், பின்னர் அவர்களிற் பலர் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்து சேர்ந்தபோதும், உடன்வந்த சொத்து பெரும்பாலும் அதுவேயாகும். 2002 ஏப்பிரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது மகிழ்ந்து ஓடியதும் அவ்வண்டியே. 2006 ஓகஸ்டில் அவ்வீதி மீண்டும் அடைபட்டபோது பழைய சுமையைத் தூக்கியதும் அவ்வண்டியே.

அந்தக் குவியலை நினைக்குந்தோறும் நமக்கு இன்னொருவரின் நினைவு வருகின்றது. அவர் வன்னியைச் சார்ந்தவரல்லர், தமிழருமல்லர். ஆனால் போர்முனை கண்டவர். துவிச்சக்கர வண்டி ஒன்றையே துணையாகக் கொண்டு உலகைச் சுற்றியவர். தம் நாடு விடுதலை பெற்ற காலத்திலே தம் சொந்த ஊரை இழந்தவர். வன்னி மக்களுக்கு அவர் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பாதி சொன்னாலே மீதி விளங்கிவிடும். அவர் பெயர் இராம்நாத் பிஸ்வாஸ்.

படைவீரர்

கிழக்கு வங்காளத்திலே, சில்ஹெட் மாவட்டத்து ஹபிகஞ்ச் பகுதியில், பானியாசங் என்பது ஒரு பேரூர். உலகின் மிகப் பெரிய கிராமம் எமது கிராமமே என்று பெருமை பேசுவது அவ்வூரார் வழக்கம். 1894-ஆம் ஆண்டில் இராம்நாத் அங்கே பிறந்தார். தந்தையை இளமையிலேயே இழந்தமையாற் பள்ளிப் படிப்பு இடைநின்றது. ஹபிகஞ்சிலே மோட்டார் திருத்தும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். வண்டி ஓட்டவும், பழுதானதைத் தாமே பிரித்துப் பூட்டவும் அங்கேதான் கற்றார். பிற்காலத்தில் யாருமற்ற காட்டு வழிகளில் அவரைக் காத்தது அக்கைத்தொழிலறிவே.

அக்காலம் வங்காளம் கொதித்துக்கொண்டிருந்த காலம். அனுசீலன் சமிதி என்னும் இரகசியப் புரட்சிச் சங்கத்திலே இளைஞர் பலர் சேர்ந்தனர். இராம்நாத்தும் சேர்ந்தார். செய்தி வெளிப்பட்டது; வேலை போயிற்று. விடுதலை அவரிடம் வாங்கிய முதற்காசு அதுவென்று சொல்லலாம்.

பின்னர் முதலாம் உலகப் போர் மூண்டது. ஆங்கில ஆட்சியை எதிர்த்த அதே இளைஞர் ஆங்கிலப் படையிலே சேர்ந்து மெசப்பொத்தேமியாவுக்குச் சென்றார். இதை முரண்பாடென்று எண்ண வேண்டியதில்லை. போரிலே துணை நின்றால் தன்னாட்சி கிட்டும் என்ற நம்பிக்கை அன்றைய தலைவர்கள் பலருக்கும் இருந்தது. போர்க்கலையை ஆளுவோரிடமிருந்தே கற்க வேண்டும் என்ற எண்ணமும் இளைஞர் சிலரிடம் இருந்தது. அப்போரிலே இந்தியாவிலிருந்து பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்து சென்றனர். ஏறக்குறைய 74,000 பேர் திரும்பவில்லை. அவர்களுக்குக் கிடைத்த கைம்மாறு யாது? 1919-ஆம் ஆண்டு ரௌலட் சட்டமும், அதே ஆண்டு ஏப்பிரல் 13-ஆம் நாள் ஜாலியன்வாலா பாக்கிற் பொழிந்த துப்பாக்கிக் குண்டுகளுமே.

அதே போரிலே ஐரோப்பாவின் பெரும் துவிச்சக்கர வண்டி வீரர்களும் மடிந்தனர். பிரான்சைச் சுற்றி நடக்கும் புகழ்பெற்ற ஓட்டப் போட்டியில் வாகை சூடிய மூவரின் பெயர்கள் அப்பட்டியலில் உள்ளன. 1909-இல் வென்ற பிரான்சுவா பாபேர் 1915 மே மாதத்தில் வீழ்ந்தார். 1907-இலும் 1908-இலும் வென்ற பெத்தி-பிரெத்தோன் 1917 டிசெம்பரில் வாகன விபத்தில் இறந்தார். 1910-இல் வென்ற ஒக்தாவ் லப்பீஸ், விமானியாகச் சென்று, பிரெஞ்சு மக்களின் தேசியத் திருநாளாகிய யூலை 14-ஆம் நாளிலே, 1917-இல், சுட்டு வீழ்த்தப்பட்டார்.

மடிந்தவர்க்கு நடுகல் நாட்டுவது மனித குலத்தின் பழைய வழக்கம். நம் முன்னோரும் அதனைச் செய்தனர். மீண்டு வந்தவர்க்கு யாது செய்வது என்பதை எந்த நாடும் செவ்வனே கற்றதாகத் தெரியவில்லை. மீண்டவர் தாமே தமக்கொரு வழி தேடிக்கொள்ள வேண்டியவராகின்றார்.

சில்லின் மேல் வாழ்வு

இராம்நாத் தேடிக்கொண்ட வழி நீளமானது. 1924-ஆம் ஆண்டளவில் மலாயா நாட்டுக்குச் சென்று, ஆங்கிலக் கடற்படை சார்ந்த உத்தியோகம் ஒன்றைப் பெற்றார். மலாயா என்றதும் நம்மவர் செவி நிமிரும். யாழ்ப்பாணத்து எழுதுவினைஞரும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தரும் அங்கே நிறைந்திருந்த காலம் அது. தோட்டங்களிலே தமிழகத்துத் தொழிலாளர் இறப்பர் மரம் வெட்டிய காலமும் அதுவே. நம் ஊர்களிலே ‘மலாயாப் பென்சன்காரர்’ என்று மதிப்போடு சொல்லப்பட்ட தலைமுறையினரோடு ஒரே தெருக்களில் நடந்தவர் இராம்நாத். அவரும் இருந்திருந்தால் ஓய்வூதியம் பெற்று ஊர் திரும்பியிருக்கலாம். அவ்வழி அவருக்குப் பிடிக்கவில்லை.

1931-ஆம் ஆண்டு யூலை 7-ஆம் நாள், சிங்கப்பூர்க் குயீன் வீதியிலிருந்து அவர் புறப்பட்டார். இரண்டு போர்வைகள், ஒரு சோடி செருப்பு, வண்டி திருத்தும் கருவிகள் அடங்கிய ஒரு பெட்டி. இவையே அவர் கொண்டு சென்றவை. வயது முப்பத்தேழு. மலாயா, சீயம், இந்தோசீனம், சீனா, கொரியா, யப்பான் என்று அவ்வண்டி உருண்டது. பின்னர் கடல் கடந்து கனடாவையும் கண்டது. 1934-இல் ஊர் திரும்பினார். ஊரார் மைதானத்திலே கூடி வரவேற்றனர்.

அதே ஆண்டிலே மீண்டும் புறப்பட்டார். இம்முறை ஆப்கானித்தானம், பாரசீகம், ஈராக், சிரியா, துருக்கி வழியாக ஐரோப்பாவினுள் நுழைந்து, பல்கேரியா, ஹங்கேரி, ஆஸ்திரியா, ஜேர்மனி, பிரான்சு ஆகிய நாடுகளைக் கடந்து இங்கிலாந்தை அடைந்தார். இந்நாடுகளின் பெயர்களை மாணவர் ஒருமுறை நிரற்படுத்திப் பார்க்கட்டும். பதினாறு பதினேழு ஆண்டுகளுக்கு முன்னர் படைவீரராய் நின்ற ஈராக் மண்ணை இம்முறை அவர் துப்பாக்கியின்றிக் கடந்தார். சுடுவதற்காகச் சென்ற நிலத்திலே, ஒரு குவளை தண்ணீர் கேட்கும் வழிப்போக்கராய் இறங்கினார். போர்க்களம் கண்ட ஒருவருக்கு அதைவிடப் பெரிய பிராயச்சித்தம் வேறு வாய்க்குமோ?

மூன்றாவது பயணம் 1938-இல் ஆபிரிக்காவை நோக்கியது. மொம்பாசாவில் இறங்கிக் கென்யா, உகண்டா, நயாசாலாந்து, ரொடீசியா ஆகிய நாடுகளைக் கடந்து தென்னாபிரிக்காவை அடைந்தார். நிறவேற்றுமை எவ்வாறு ஒரு மனிதனை உணவுச்சாலை வாயிலிலேயே நிறுத்திவைக்கும் என்பதை அங்கே தம் உடம்பாலே அறிந்தார். பின்னர் அமெரிக்கா சென்று, 1940-இல் தாயகம் மீண்டார். மூன்று பயணங்களிலும் சென்ற தொலைவு எண்பதாயிரம் மைலுக்கு மேல். அதில் ஐம்பதாயிரம் மைலுக்கு மேற்பட்டது துவிச்சக்கர வண்டியிலே கடந்தது என்று கணக்குச் சொல்வர்.

ஆட்சியுரிமையற்ற ஒரு நாட்டின் குடிமகன் அவர். ஒவ்வோர் எல்லையிலும் அவர் கடவுச்சீட்டு அவரை ஆங்கில முடியின் பிரசை என்றே கூறியது. எனினும் வண்டியில் ஏறிய பின்னர் அவருக்கு ஆண்டான் இல்லை. நாடு பெறாத விடுதலையை ஒரு மனிதன் இரு சில்லுகளின் மேல் நாள்தோறும் சிறிது சிறிதாகப் பெற்றுக்கொண்டான் என்று சொன்னால் மிகையாகாது.

சென்றதோடு அவர் நிற்கவில்லை; எழுதினார். சீனா பற்றியும், ஆபிரிக்கா பற்றியும், அமெரிக்கா பற்றியும் வங்க மொழியிலே இருபதுக்கு மேற்பட்ட நூல்களைத் தந்தார். ‘அந்தகாரேர் ஆபிரிக்கா’, ‘ஆஜ்கேர் ஆமெரிக்கா’ ஆகியன அவற்றுள் பெயர் பெற்றவை. வெளியிடுவோர் முன்வராமையால் தாமே ஒரு பதிப்பகமும் தொடங்கினார். பெரும் பள்ளிப் படிப்பு இல்லாத மனிதர் கண்டதைக் கண்டவாறே எழுதினார். இதை நாம் நினைவில் வைத்தல் வேண்டும். இக்கட்டுரையின் இறுதியில் இதற்கே திரும்பி வருவோம்.

1947

இனி, விலையைப் பற்றிப் பேசுவோம்.

1947 ஓகஸ்டில் இந்தியா விடுதலை பெற்றது. உடனே பிளவும் பட்டது. சில்ஹெட் மாவட்டம் எந்த நாட்டோடு சேர்வது என்பதை முடிவு செய்ய அவ்வாண்டு யூலை 6-ஆம், 7-ஆம் நாள்களில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மையோர் கிழக்கு வங்காளத்தோடு சேரவே வாக்களித்தனர். அதன்படி, கரீம்கஞ்ச் பகுதியிற் பெரும்பாகம் தவிர்ந்த மாவட்டம் பாக்கிஸ்தானோடு சேர்ந்தது. சிங்கப்பூரிலிருந்து இராம்நாத் முதன்முதல் வண்டியேறிய நாள் யூலை 7 என்பதை நினைவு கூர்வோம். சரியாகப் பதினாறு ஆண்டுகளின் பின்னர், அதே நாளில், அவர் ஊரின் தலைவிதி வாக்குப் பெட்டியிலே எழுதப்பட்டது.

பஞ்சாபிலும் வங்காளத்திலும் எல்லைக்கோட்டைக் கடந்தோர் தொகை ஒரு கோடிக்கு மேல். மாண்டோர் தொகையை இரண்டு இலட்சம் என்பாரும் உளர். இருபது இலட்சம் என்பாரும் உளர். எண்ணி முடிக்க ஒருவராலும் இயலவில்லை.

இராம்நாத் முதலில் பானியாசங்கிலேயே இருந்தார். எத்தனையோ எல்லைகளைக் கடந்தவரை இப்போது ஓர் எல்லை தேடி வந்து வாயிலிலே நின்றது. இறுதியில் ஊரை விட்டுக் கல்கத்தாவுக்குச் சென்றார். 1955 நவம்பர் 1-ஆம் நாள் அங்கேயே காலமானார். இளமையில் எந்த விடுதலைக்காக வேலையை இழந்தாரோ, அவ்விடுதலை வந்தபோது வீட்டையும் கேட்டது. அவரும் கொடுத்தார்.

அவர் பிறந்த மண்ணுக்கு இன்னொரு விடுதலையும் வந்தது. 1971-இல் வங்கதேசம் தோன்றியது. அதற்கும் பெருவிலை செலுத்தப்பட்டது. ஆயினும் போனவர்களின் வீடுகள் போனவையாகவே இருந்தன. 1965-ஆம் ஆண்டு இந்திய–பாக்கிஸ்தானியப் போரின்போது, எல்லை கடந்தோரின் நிலபுலன்களை ‘எதிரிச் சொத்து’ என்று பெயரிட்டு அரசு பொறுப்பேற்றது. 1971-க்குப் பின்னர் சட்டத்தின் பெயர் மாறியது, நிலம் திரும்பவில்லை. நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கான சட்டம் 2001-இலேதான் இயற்றப்பட்டது. பிறந்த மண்ணிலே பிறந்தவனை எதிரி என்று எழுதும் ஏட்டை நாகரிகம் பெற்ற மனிதன் எப்படித்தான் கண்டுபிடித்தானோ!

இராம்நாத் வீடும் பிறர் வசமாயிற்று. அங்கே ஒரு வியத்தகு நிகழ்ச்சி நடந்தது. 2022-ஆம் ஆண்டில், வங்கதேசத்துச் சயிக்கிள் ஓட்டும் இளைஞர்கள், அவ்வீட்டை மீட்டு நினைவகமாக்க வேண்டும் என்று குரல் எழுப்பிப் பானியாசங்குக்குத் தம் வண்டிகளிலே சென்றனர். அவர்களிற் பெரும்பாலோர் வேறு சமயத்தவர். அவர் இறந்து பல ஆண்டுகள் கழிந்த பின் பிறந்தவர்கள். அவர்களை அங்கே அழைத்துச் சென்றது எது? இரத்த உறவன்று, கட்சியன்று. அவர் எழுதிய எழுத்தும், அவர் ஓட்டிய வண்டியுமே.

நமது கணக்கு

இப்போது வன்னிக்கு மீள்வோம். மெனிக்பாம் முகாம்களில் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் முட்கம்பிக்குள் இருந்தனர். 2012 செப்டெம்பரிலேதான் அது மூடப்பட்டது. போரின் இறுதிக் கட்டத்தில் மாண்ட பொதுமக்கள் நாற்பதாயிரம் வரை இருக்கலாம் என்று 2011-இல் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு கூறியது. போரிட்டவர்களுள் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்கள் வழியே ஊர் திரும்பினர். காணாமற் போனோரின் தாய்மார் 2017 பெப்ரவரியிலே கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலின் முன்னே அமர்ந்தனர். அவ்வாண்டிலேயே கேப்பாபிலவைச் சேர்ந்த பிலவுக்குடியிருப்பு மக்கள், படையினர் வசமிருந்த தங்கள் காணிக்காக வீதியோரத்தில் ஒரு மாதம் இரவுபகலாக இருந்து, மார்ச் 1-ஆம் நாள் அதைப் பெற்றுக்கொண்டு உள்ளே சென்றனர். பானியாசங்கிலே இளைஞர்கள் கேட்டதும் கேப்பாபிலவிலே தாய்மார் கேட்டதும் வேறு வேறல்ல. வீடு கேட்டார்கள், வேறொன்றும் கேட்கவில்லை.

வன்னியின் சிறு வீதிகளிலே மாலை வேளைகளில் ஒருவரைக் காணலாம். ஒரு பெடலை மட்டும் மிதித்து, மறுபுறம் செயற்கைக் காலை ஊன்றாமல் தொங்கவிட்டு, தோட்டத்திலிருந்து திரும்புவார். அவர் எந்தப் படையில் நின்றவர், எந்த இடத்தில் காலை இழந்தவர் என்று ஒருவரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. அவர் செய்தது சரியா, பிழையா என்பதிலே நம்முள் கருத்து வேற்றுமை இருக்கலாம், இருத்தலும் வேண்டும். தென்னிலங்கைச் சிற்றூர்களிலும் அவரைப் போன்றவர் உளர். அங்கும் அன்னையர் அழுதனர். அவர்கள் செலுத்திய விலை இன்னதென்று அறியாமல், விடுதலை என்ற சொல்லை மேடைகளிலே மலிவாக வழங்குவது நமக்குத் தகாது.

ஒட்டுசுட்டான் பக்கத்திலே, கற்சிலைமடுவில், ஒரு கல் நின்றது. 1803 ஒக்ரோபர் 31-ஆம் நாள் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த செய்தியைச் சொல்லும் கல் அது. நாட்டியவர்கள் வென்றவர்கள். வன்னியின் தலைவன் ஒருவன் வீழ்ந்த இடத்தை நமக்குக் காட்டியது மாற்றான் ஆங்கிலத்திலே பொறித்த ஒரு வரியாகும். அவனோடு நின்றவர் எத்தனை பேர், அவர்களின் வீடுகள் என்னவாயின, அவர்களின் மனைவியர் எங்கே போயினர் என்பவற்றை எழுதுவார் அன்று இலர். ஆகவே நாம் அறியோம்.

இராம்நாத் எழுதினார், ஆகவே அவர் வீட்டைத் தேடி வேற்று மதத்து இளைஞர் வந்தனர். பண்டாரவன்னியனின் ஆள்கள் எழுதவில்லை. ஆகவே அவர்களைத் தேடிச் செல்ல நமக்கு வழியில்லை. முள்ளிவாய்க்கால் மணலிலே கிடந்த வண்டிகளுக்கு உடையவர்கள் எந்த வரிசையிலே சேரப் போகின்றனர்?

விடை நம் ஆசிரியர் கையிலும் மாணவர் கையிலும் இருக்கின்றது. அதற்குப் பெருநூல் வேண்டியதில்லை. ஒவ்வொரு மாணவனும் மாணவியும் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு, தம் வீட்டு முதியவர் அருகே ஒரு மாலை அமரட்டும். அம்மம்மா, எங்கேயிருந்து புறப்பட்டீர்கள்? எந்த வண்டியில்? அதில் எதைக் கட்டினீர்கள்? எந்த ஊரில் எதை இறக்கிவிட்டீர்கள்? வண்டியை எங்கே விட்டீர்கள்? இவ்வளவே கேட்கட்டும். சொல்வதைச் சொன்னவாறே, கூட்டாமலும் குறைக்காமலும் எழுதட்டும். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தாது விட்டுவிடட்டும். அந்த மௌனத்தையும் ஒரு வரியிலே குறித்துக்கொள்ளட்டும்.

அந்த வண்டிகளின் இரும்பு இந்நேரம் உருக்கப்பட்டு வேறு பொருளாகியிருக்கும். உடையவர்களுள் பலர் முதுமை எய்திவிட்டனர். கேட்க வேண்டிய மாலை இன்றைய மாலையே.